போகாது என்று சொன்ன நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் பேசக் கூப்பிடும்போதெல்லாம் உங்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறீர்கள்: "மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க பார்த்த பெரிய எஞ்சின் கோளாறு எது?" கேட்கும்போதே உங்கள் கண்ணில் புகையும் நெருப்பும் தெரிகிறது. புகையையும் பார்த்திருக்கிறேன். பறவை மோதி விசிறி இலைகள் வளைந்துபோன எஞ்சினையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவையெல்லாம் சுலபமானவை. உடைந்தது கண்ணெதிரே உடைந்து கிடக்கும். அதை ஓட்டலாமா என்று யாரும் உங்களிடம் கெஞ்சப் போவதில்லை.

நான் பார்த்ததிலேயே பெரிய கோளாறு, நகம் வெட்டும்போது தெறிக்குமே, அந்தத் துணுக்கு அளவுதான் இருந்தது. எஞ்சின் அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஆம்புலன்ஸில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

பெங்களூரில் ஒரு விமான நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் நான் ஓசூருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுபாதையில் இருந்தேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் உட்கார்ந்திருந்து அலுத்துப்போய் இந்தப் பக்கம் வந்தவள். அங்கே எங்கள் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு விமானம். இரண்டு எஞ்சின், இரண்டு புரொப்பெல்லர், எட்டுப் பேர் உட்காரலாம். ஒரு நாள் கம்பெனி முதலாளிகளைக் கூட்டிக்கொண்டு போகும். இன்னொரு நாள் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரெச்சர் பொருத்தினால் ஆம்புலன்ஸ். பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமம், விமானத்தை நிறுத்திவைக்கும் அந்த ஹேங்கரில் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

என்னோடு டெக்னீஷியனாக இருந்தவர் முனிராஜு. தேன்கனிக்கோட்டைப் பக்கம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வேலையில் தமிழ். கோபம் வந்தால் தெலுங்கு வரும், ஆச்சரியம் வந்தால் கன்னடம் வரும். அதை வைத்தே எஞ்சினுக்குள் என்ன பார்த்தார் என்று நான் கண்டுபிடித்துவிடுவேன். பைலட் கேப்டன் அசோக். விமானப்படையில் இருந்து வந்தவர். கோபக்காரர், ஆனால் நேர்மையானவர்.

அந்த ஆம்புலன்ஸ் வந்ததற்கு முந்தைய நாள் கேப்டன் ஒரு புகார் கொடுத்திருந்தார். இறங்கும்போது வலது எஞ்சினின் எச்சரிக்கை விளக்கு ஒன்று கண் சிமிட்டுவது போல ஒரு தடவை எரிந்து அணைந்தது என்று. அது என்ன விளக்கு என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் கியர்பாக்ஸுக்கு அடியில், ஆயில் வந்து சேரும் இடத்தில், ஒரு சின்னக் காந்தப் பிளக் இருக்கும். உள்ளே எங்காவது இரும்பு தேய்ந்து துகள் விழுந்தால் ஆயிலோடு வந்து அந்தக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். போதுமான அளவு ஒட்டினால் பைலட்டுக்கு விளக்கு எரியும். எஞ்சின் நம்மிடம் வலியைச் சொல்வதற்கு இருக்கும் ஒரே வாய் அதுதான்.

அன்றைக்கே பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. அப்படியானால் பொய் விளக்கு, வயரிங்கில்தான் எங்கோ தப்பு என்று முடிவு செய்தோம். மறுநாள் காலை முனிராஜு வயரைத் தொட்டுத் தடவிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்கு அடியில் இருந்து குரல் வந்தது.

"மேடம், பிடிச்சுட்டேன். இங்க பாருங்க, வயரைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப்ல உரசி உரசி தோல் போயிருக்குது. செம்பு தெரியுது."

பார்த்தேன். உண்மைதான். அந்த இடம் உலோகத்தில் பட்டால் விளக்கு எரியும். கோளாறு கிடைத்துவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் அதைவிட நல்ல காலை கிடையாது. முனிராஜு வயரை மாற்ற ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஆபீஸில் இருந்து போன். சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஒருவருக்கு மூளைச்சாவு. குடும்பத்தார் இதயத்தைத் தானம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். அது பொருந்தக்கூடிய நோயாளி வேப்பனப்பள்ளியில் இருக்கிறார். கவிதா என்று பெயர், ஸ்கூல் டீச்சர், இரண்டு வருடமாக இதயத்துக்காகக் காத்திருப்பவர். மாலைக்குள் சென்னையில் ஆபரேஷன் டேபிளில் இருக்க வேண்டும். ரோட்டில் போனால் நேரமும் தாங்காது, அவருடைய உடம்பும் தாங்காது. டாக்டரும் நர்ஸும் கூடவே வருகிறார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. விமானம் தயாரா?

"தயார் பண்ணிக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

ஸ்ட்ரெச்சர் பொருத்தினோம். வயர் மாற்றி முடித்து, கேப்டன் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார். முழு வேகத்தில் வைத்து, இறக்கி, மறுபடி ஏற்றினார். விளக்கு எரியவே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, கட்டை விரலைத் தூக்கிக் காட்டியபடி படி இறங்கி வந்தார். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. ஒரு உயிரைக் காப்பாற்றப் போகிறோம், அதுவும் சரியான நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று.

எனக்கும் அதே நிம்மதிதான். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் ஏதோ முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான் செய்ததெல்லாம், கழற்றிப் போட்ட பழைய வயரைக் குப்பையில் போடுவதற்காகக் கையில் எடுத்ததுதான். எடுத்ததும் கண்ணில் பட்டது. தோல் உரிந்த இடத்தில் செம்பு பளபளக்கவில்லை. கறுத்துப் போயிருந்தது. ஆயிலும் தூசியும் சேர்ந்து இறுகி, நகத்தால் சுரண்டினாலும் வராத அளவுக்கு அழுக்கு.

"முனிராஜு, இது எப்ப உரசினது?"

அவரும் வாங்கிப் பார்த்தார். "இது பழைய காயம் மேடம். மாசக்கணக்கா இருக்கும்."

"காயம் மாசக்கணக்கா இருக்குது. விளக்கு ஏன் நேத்துதான் எரிஞ்சது?"

அந்த வயர் கெட்டுப்போனது உண்மை. மாற்றியது சரி. ஆனால் நேற்று விளக்கை எரித்தது அதுதான் என்பதற்கு எங்களிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. ஒரு வீட்டில் திருடு போன அன்றைக்குத் தெருவில் ஒரு பழைய கேடி நடந்து போனான் என்பதற்காக அவன்தான் திருடன் ஆகிவிடுவானா? நாங்கள் அதைத்தான் செய்திருந்தோம். முதலில் கையில் சிக்கியவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு நிம்மதியாகிவிட்டோம்.

"பிளக்கை இன்னொரு தடவை கழட்டுங்க."

"நேத்துதானே பார்த்தோம்?"

"நேத்து பார்த்ததுக்கு அப்புறம் இப்ப முழு வேகத்துல ஓட்டியிருக்கோம்."

எஞ்சின் சூடாக இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு மெதுவாகத் திருகிக் கழற்றினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர், "ஏனு மேடம் இது?" என்றார். கன்னடம் வந்ததுமே நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

காந்தத்தின் நுனியில் ஒரே ஒரு துணுக்கு, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. மெல்லியது. ஒரு பக்கம் கண்ணாடி போலப் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. தேய்மானத்தில் வரும் துகள் இப்படி இருக்காது. அது பஞ்சு மாதிரி, கரிப்பொடி மாதிரி இருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் பறக்கலாம் என்று மேனுவலே சொல்கிறது. இது அப்படி இல்லை. இது எங்கிருந்தோ உரிந்து வந்தது. ஆனால் ஒன்றே ஒன்று. அளவோ, கூடாது என்று மேனுவல் சொல்லும் எல்லைக்கு மிகப் பக்கத்தில். ஸ்கேலை இப்படி வைத்தால் உள்ளே, அப்படி வைத்தால் வெளியே.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. என் கையில் துணி இருந்தது. ஒரு தடவை துடைத்தால் அந்தத் துணுக்கு இந்த உலகத்திலேயே இல்லை. பார்த்தது நாங்கள் இரண்டு பேர். கேட் பக்கம் ஆம்புலன்ஸின் சைரன் கேட்க ஆரம்பித்திருந்தது. முனிராஜு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் எதுவும் சொல்லலை. நீங்க சொல்லுங்க."

பிளக்கை அப்படியே ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துக் கேப்டனைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"பழசா எங்கயாவது ஒதுங்கி இருந்தது, இப்ப முழு பவர்ல ஓட்டினதுல அலசிக்கிட்டு வந்திருக்கும். துடைச்சுப் போடுங்க. இன்னொரு தடவை ஓட்டிக் காட்டறேன். விளக்கு எரியலைன்னா போயிடலாம். ஒரு மணி நேரம் கூட ஆகாது எஸ்தர், சென்னைதான். அதோட நமக்கு ரெண்டு எஞ்சின் இருக்கு."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட முட்டாள்தனம் இல்லை. அதுதான் கஷ்டமே. தப்பான முடிவுக்கு எப்போதும் நல்ல காரணங்கள் கிடைக்கும். நல்ல மனிதர்களே வந்து சொல்வார்கள்.

"ஆயில் ஃபில்டரைத் திறந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அதுக்கு நேரம் ஆகும்."

"ஆகும்."

"பறக்கப் போறவன் நான். நான் தயார்னு சொல்றேன்."

"நீங்க தயார், கேப்டன். எஞ்சின் தயார்னு நான் சொல்லணும்."

அவர் தொப்பியை எடுத்து இறக்கையின் மேல் ஓங்கி வைத்தார்.

முனிராஜு ஃபில்டர் மூடியில் கை வைத்ததும் நான் போனை எடுத்தேன். முதலில் எங்கள் ஆபீஸ். "பெங்களூர்ல இதே ரக விமானம் வச்சிருக்கிற கம்பெனிகள் எல்லாத்தையும் கூப்பிடுங்க. ஒண்ணு இங்க வர முடியுமான்னு கேளுங்க. இப்பவே."

"நம்ம விமானம் போகலையா?"

"போகாதுன்னு நான் இன்னும் சொல்லலை. போகும்னு சொல்ல முடியாமப் போகலாம். அது தெரியற வரைக்கும் நீங்க சும்மா இருக்க வேண்டாம்."

அடுத்து சென்னையில் அந்த மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர். இளம் பெண் குரல். அவரிடமும் அதையே சொன்னேன். எஞ்சினில் சந்தேகம் இருக்கிறது, தாமதமாகலாம், வராமலும் போகலாம், வேறு விமானம் தேடுகிறோம் என்று. அந்தப் பெண், "சொன்னதுக்கு நன்றி மேடம். அப்படின்னா நான் அடுத்த பேஷன்ட்டையும் வரச் சொல்லி வைக்கணும்" என்றார்.

அந்த வார்த்தையின் கனம் எனக்கு அப்போதே தெரிந்தது. நான் செய்தது ஒரு போன். அந்த ஒரு போனில் இன்னொரு குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவரப் போகிறது. கவிதாவுக்கு மட்டும் என்று இருந்த இதயத்துக்கு இப்போது இரண்டு பேர்.

ஆம்புலன்ஸ் ஹேங்கர் நிழலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் கணவர். வெங்கடேஷ் என்று பெயர், வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவசரத்தில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், ஏதோ ரிப்பேருன்னு சொல்றாங்களே?"

சொன்னேன். எஞ்சினுக்குள் இருந்து ஒரு துண்டு உரிந்து வந்திருக்கிறது, ஒன்றா நிறையவா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று.

"ஓடுதுங்களா, ஓடலைங்களா?"

"ஓடுது. எவ்வளவு நேரம் ஓடும்னுதான் தெரியலை."

"மெட்ராஸ் வரைக்கும் ஓடினாப் போதுங்க. மேடம், டாக்டருங்க சொல்லிட்டாங்க. இப்படியே விட்டா அவளுக்கு ரொம்ப நாள் இல்லை. எப்படியும் போற உசிருங்க. நானும் கூடவே உட்கார்ந்து வரேன். என்ன ஆனாலும் நாங்க கேட்க மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். நீங்க விட்டுடுங்க."

இதற்குப் பதில் எந்த மேனுவலிலும் இல்லை. இப்படி ஒரு மனிதர் முன்னால் நிற்கும்போது விதிமுறையைப் பேசினால் அது அவரை அறைவது போல. ஆறுதல் பேசினால் அது பொய்.

"நீங்க உங்களுக்காகப் போடலாம்ங்க. உள்ள ஒரு டாக்டர் இருக்கார், நர்ஸ் பொண்ணு இருக்கு, கேப்டனும் இன்னொரு பைலட்டும் இருக்காங்க. கிளம்பின உடனே கீழ ஓசூர் ஊர் இருக்கு. அவங்களுக்கெல்லாம் சேர்த்து நீங்களும் போட முடியாது, நானும் போட முடியாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அதில் இருந்தது, இவளையும் எப்படியாவது சம்மதிக்க வைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. "பெங்களூரு ஏர்போர்ட்டுக்கே கூட்டிட்டுப் போயிடவா?" என்றார். ஜூஜுவாடி தாண்டுவதற்குள்ளேயே லாரி வரிசை நிற்கும், அப்புறம் நகரத்தைக் குறுக்கே கடந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும் என்று ஆம்புலன்ஸ் டிரைவரே தலையை ஆட்டினார்.

அப்போது வண்டிக்குள் இருந்து ஒரு குரல். மெலிந்த, ஆனால் வகுப்பறையில் பழகிய குரல். "அவங்களை இங்க வரச் சொல்லுங்க."

நான் போனேன். கவிதா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் இன்ஜினியரா?"

"ஆமா."

"போகுமா, போகாதா? அதை மட்டும் சொல்லுங்க. ஆயிடும், ஆயிடும்னு ரெண்டு வருஷமா எல்லாரும் சொல்றாங்க. நீங்களும் அதையே சொல்லாதீங்க."

அந்த நேரம் பார்த்து முனிராஜு ஃபில்டரைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து கொஞ்ச தூரத்தில் நின்றார். என்னைக் கூப்பிடவில்லை. நான் போய்ப் பார்த்தேன். மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ஃபில்டரை அவர் விரித்துக் காட்டினார். மடிப்புகளுக்குள் ஜிகினா தூவினது போல மினுமினுப்பு. பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டு போனார். மினுமினுப்பு முழுவதும் எறும்புக் கூட்டம் போல அந்தப் பக்கம் நகர்ந்தது. இரும்பு. உள்ளே ஏதோ ஒரு பேரிங் உரிந்துகொண்டிருக்கிறது. நேற்று விளக்கை எரித்துவிட்டு ஆயிலோடு நழுவிப் போன துகளும் இங்கேதான் வந்து சேர்ந்திருக்க வேண்டும். கேப்டனும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு இறக்கையின் மேல் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் திரும்பி ஆம்புலன்ஸுக்குப் போனேன்.

"இந்த விமானம் போகாது" என்றேன். "பெங்களூர்ல இருந்து வேற ஒண்ணு வரவழைக்கிறோம். நேரத்துக்கு வருமான்னு எனக்குத் தெரியாது."

கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். "சரி" என்றாள். வெங்கடேஷ் வண்டியின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கம்பெனி சம்மதித்தது. அவர்களுடைய பைலட் வேறு எங்கோ இருந்து வர வேண்டியிருந்தது, கிளம்ப அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது வருவதற்குள் எங்கள் விமானத்தில் இருந்து ஸ்ட்ரெச்சரைக் கழற்றித் தயாராக வைத்தோம். அதே ரகம் என்பதால் வந்ததும் பொருத்திவிடலாம். வந்தும் விட்டது. அது தரையைத் தொட்டபோது வெங்கடேஷ் எழுந்து கை தட்டினார். நானும் முனிராஜுவும் ஓடினோம். ஸ்ட்ரெச்சரின் பூட்டுகளை மாட்டிச் சரிபார்த்து நான் கையெழுத்துப் போட்டேன். கவிதாவை வண்டியில் இருந்து இறக்கி, விமானத்தின் படி வரை கொண்டுபோனார்கள்.

அப்போது டாக்டரின் போன் அடித்தது. கேட்டு முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். இனிக் கிளம்பினாலும் நேரம் போதாது. வரவழைத்து வைத்திருந்த அடுத்த நோயாளியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

கவிதாவை மறுபடியும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வெங்கடேஷ் ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தார். "நீங்க போன் பண்ணிச் சொன்னதாலதானே அவங்க வேற ஆளைக் கூப்பிட்டாங்க?"

"ஆமாங்க."

"சொல்லாம இருந்திருந்தா காத்திருந்திருப்பாங்களே."

"கொஞ்ச நேரம் காத்திருந்திருப்பாங்க. அப்புறம் அந்த இதயம் யாருக்கும் இல்லாமப் போயிருக்கலாம்."

அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எஞ்சினைக் கழற்றிப் பழுதுபார்க்கும் இடத்துக்கு அனுப்பினோம். பேரிங்கின் குண்டுகள் உருளும் பாதையில் ஒரு இடத்தில் உலோகம் செதில் செதிலாக உரிந்திருந்தது. நான் அங்கே இருந்த இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கேட்டேன், "இது சென்னை வரைக்கும் தாங்கியிருக்குமா?" என்று. அவர் சிரித்தார். "மேடம், இது இன்னும் நாலு தடவை சென்னை போய்ட்டு வந்திருக்கலாம். ரன்வே கடைசியிலேயே நின்னும் போயிருக்கலாம். யாராவது தெரியும்னு சொன்னா அவரை நம்பாதீங்க."

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. பேரிங் தூள்தூளாகக் கிடந்தது, தப்பித்தீர்கள் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அந்த ஆறுதல் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கும் பெரும்பாலும் கிடைக்காது. நீங்கள் நிறுத்திவைத்த விமானம் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வந்து காட்டப் போவதில்லை. அந்த நிமிடத்தில் கையில் இருந்ததை வைத்துத்தான் முடிவெடுத்தீர்கள். அந்த முடிவு சரியா என்பதையும் அதை வைத்தே பார்க்க வேண்டும். இது எனக்குப் புத்தியால் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு வந்த மாதங்களில், வேப்பனப்பள்ளி என்று பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தப் பெண் இருக்கிறாளா என்று ஆபீஸில் விசாரிக்கப் பலமுறை போனை எடுத்தேன். இல்லை என்று சொல்லிவிட்டால்? அவள் செத்துப் போயிருந்தாலும் நான் எடுத்த முடிவு சரிதான். சரியான முடிவோடும் தூங்க முடியாமல் இருக்கலாம், பிள்ளைகளே. இரண்டும் சேர்ந்தே இருக்கும். தூக்கம் வரவில்லை என்பதற்காகத் தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கேப்டன் அசோக் சில நாள் என்னோடு வேலையைத் தவிர வேறு பேசவில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது தானாகவே சொன்னார். "அன்னிக்கு நீங்க கொஞ்சம் தயங்கியிருந்தாலும் நான் கூட்டிட்டுப் போயிருப்பேன். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்ததுக்கு அப்புறம் எனக்கு எஞ்சின் கண்ணுக்கே தெரியலை." அவ்வளவுதான். பிறகு பழையபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டார்.

மாங்காய் சீசன் முடிந்து மழை தொடங்கியிருந்தது. புது எஞ்சின் வந்து விமானம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை ஆபீஸில் இருந்து அதே மாதிரி போன். சென்னை, இதயம், வேப்பனப்பள்ளி. பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கவிதா உயிரோடு இருந்தாள்.

அன்றைக்கு அந்த விமானத்தில் எந்தப் புகாரும் இல்லை. எந்த விளக்கும் எரியவில்லை. இருந்தாலும் முனிராஜு என்னைக் கேட்காமலே இரண்டு எஞ்சினின் பிளக்குகளையும் கழற்றி வெள்ளைத் தட்டில் வைத்திருந்தார். துடைத்த எவர்சில்வர் மாதிரி சுத்தமாக இருந்தன. நானும் சுற்றி வந்து, படுத்து, எட்டி, தொட்டுப் பார்த்தேன். எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. கவிதா இன்னும் மெலிந்திருந்தாள். இந்த முறை சாய்ந்து உட்காரக் கூட முடியாமல் படுத்திருந்தாள். வெங்கடேஷ் இறங்கினார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. நான்தானே அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னவள். அவர் எதுவும் கேட்பதற்கு முன் நானே சொல்ல நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அன்னைக்கு வேற யாரோ ஒரு பையனுக்கு வச்சாங்களாம்" என்றார் அவர், சம்பந்தமில்லாமல். "காலேஜ் போறானாம் இப்ப. ஆஸ்பத்திரியில சொன்னாங்க." பிறகு விமானத்தைப் பார்த்தார். "மேடம், இன்னைக்கு?"

"போகும்" என்றேன்.

டாக்டருக்கு அது போதவில்லை. புது எஞ்சினா, நல்லா பார்த்தீங்களா, வானிலை எப்படி என்று அடுக்கிக்கொண்டே போனார். வெங்கடேஷ் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க டாக்டர். இவங்க போகாதுன்னா போகாதுன்னு சொல்றவங்க."

ஸ்ட்ரெச்சரைத் தூக்க அவரே ஒரு பக்கம் பிடித்தார். என்னைத் தாண்டிப் போகும்போது கவிதா கண்ணைத் திறந்து பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்தினார்கள். கேப்டன் இரண்டு எஞ்சினையும் கிளப்பினார். நானும் முனிராஜுவும் சக்கரக் கட்டைகளை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றோம்.

அவள் இப்போது மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள்.